மறு: எரிந்து முடிந்த ராக்கெட் நிலைக்கு ஒரு சொல்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்காக நாலு பக்கம் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'விண்வெளிக் குப்பை' எல்லாருக்கும் புரிகிறது. வேலை முடிந்தும் சுற்றுப்பாதையில் தங்கிவிடும் ராக்கெட் நிலைக்குத்தான், அதாவது ராக்கெட்டின் அந்த அடுக்குக்குத்தான், சொல் இல்லை. இஸ்ரோவின் பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் நான்காம் நிலை, 2001 அக்டோபரில் செயற்கைக்கோள்களை இறக்கிவிட்டு, டிசம்பரில் வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. ஒவ்வொரு வரியிலும் 'எரிந்து முடிந்த நான்காம் நிலை' என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.
– க.

அம்மா, 'எரிகூளம்' எனலாம். கூலம் தானியம், அதன் லகரம் ளகரமானால் கழிவு. மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரையில் விற்றது கூலம், களத்தில் கிடந்தது கூளம். ஆறு ஆண்டுகளாக இதைச் சொல்லி வருகிறேன்.
– புலவர் மு.

ஐயா, கூளம் எப்போது கழிவானது? எங்கள் பக்கம் சோளக்கூளம் மாட்டுத்தீனி. கோடையில் அதற்கு அடிதடியே நடக்கும். சாறு போனது சக்கை. 'ஏவுசக்கை' என்று வையுங்கள்.
– செ.

சக்கை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்றாகிவிடும். ஆபத்தே உள்ளே மிச்சம் இருப்பதால்தான். பிஎஸ்எல்வி நான்காம் நிலையின் எரிபொருளும், அது எரிய ஆக்சிஜன் தரும் ஆக்சிஜனேற்றியும் தீப்பொறி இல்லாமலே, ஒன்றையொன்று தொட்டாலே பற்றுபவை. தொட்டியில் மிஞ்சியவை வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிச் சூடேறிக் குளிர்ந்து, அழுத்தம் ஏறி, ஒரு கசிவு போதும். சி3க்குப் பிறகு மிச்சத்தைத் திறந்துவிடுகிறார்கள். 2024 ஜனவரி 1இல் பறந்த சி58இல் நான்காம் நிலையை 650 கி.மீ.யிலிருந்து 350 கி.மீ.க்கு இறக்கி, மிச்சத்தை வெளியேற்றி, அதன் மேலேயே ஆய்வுக் கருவிகளை ஓட்டினார்கள். மார்ச் 21இல் பசிபிக்கில் விழுந்தது. அதைப் போய்ச் சக்கை என்பதா? 'கழிநிலை' போதும். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.
– ரா.

கழி உரிச்சொல்லானால் மிகுதிப்பொருள், தம்பி. கழிபேருவகை. அப்போது கழிநிலை என்பது மேன்மையான நிலை!
– புலவர் மு.

பிள்ளைகளுக்கு உரிச்சொல் தோன்றாது, கழிவறைதான் தோன்றும்.
– செ.

சரி, சிரிக்கட்டும், நினைவிலாவது நிற்கும். முதல்முறை 'எரிந்து முடிந்த நிலை (கழிநிலை)', அப்புறம் கழிநிலை மட்டும். மூன்று பேர் தனிமடலில் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் "எதையாவது போடுங்கள்" என்றார். பக்கத்தை அனுப்பிவிட்டேன்.
– க.

என் மறுப்பைப் பதிவு செய்யவும். அதிருக்க, மேலே 'ஆக்சிஜனேற்றி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உயிர்வளியேற்றி இருக்க அது எதற்கு? தனி இழை தொடங்குகிறேன்.
– புலவர் மு.