அம்மாவோடு கொழும்புக்கு வருகிறேன், கடலைப் பார்த்த வீடு எடுக்கலாமா?

கரவெட்டிப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். தை மாதத்தில் இருந்து எனக்குக் கொழும்பில் வேலை. அலுவலகம் கொள்ளுப்பிட்டியில். அம்மாவும் என்னோடு வருகிறார். 68 வயது, முழங்கால் நோ இருக்கிறது, ஆனாலும் மெல்ல மெல்ல நடப்பார். விடிய எழும்பி முற்றம் கூட்டி, பூப்பறித்து, கோயிலுக்குப் போய் வந்து, பின்னேரம் பக்கத்து வீட்டுப் படியில் இருந்து கதைத்துப் பழகியவர். "என்னைக் கொண்டுபோய் ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வைக்கப் போறாய்" என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்.

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரமாக ஒரு ஃபிளாட் பார்த்தேன். ஏழாம் மாடி. குசினி யன்னலைத் திறந்தால் முழுக் கடல். என் மனம் அதிலேயே நிற்கிறது. எடுக்கலாமா? அம்மா அங்கே ஒரு நாளை எப்படிக் கழிப்பார் என்று நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

லேன் கடைசி வீடு:

பிள்ளை, அந்த வீட்டை எடுக்காதீர்கள். நான் அதே பிழையைச் செய்தவன், அதனால்தான் முதல் வரியிலேயே சொல்கிறேன்.

1983 ஜூலைக்குப் பிறகு என் பெற்றோர் இங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்கள். நான் 1996இல் திரும்பி வந்தேன். அப்பா இறந்த பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, கடலைப் பார்த்த வீடு ஒன்றில், ஆறாம் மாடியில் இருத்தினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். அம்மா கடலைப் பார்த்தது முதல் கிழமை மட்டும்தான். பிறகு யன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். உப்புக்காற்று அப்படி. வெள்ளிக்கிழமை மினுக்கிய குத்துவிளக்கு செவ்வாய்க்கிழமை கறுத்துப் போகும். முறுக்கு அன்றைக்கே நமுத்துவிடும். மூன்று வருடத்தில் ஃபிரிட்ஜின் அடிப்பாகம் துருப்பிடித்து உதிர்ந்தது, யன்னல் பிணைச்சல்களும் அப்படியே. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று நேரே முகத்தில் அடிக்கும். மழை சாய்ந்து வந்து கதவுக்குக் கீழால் உள்ளே புகும். கரன்ட் போய் லிஃப்ட் நின்றால் அம்மா மேலே, நான் கீழே.

மூன்று வருடம் பொறுத்துவிட்டு, காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு லேனில் இரண்டாம் மாடிக்கு மாறினோம். பல்கனி தெருப்பக்கம். அன்றைக்குத்தான் அம்மா கொழும்புக்கு வந்தார் என்று சொல்ல வேண்டும். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஓட்டோ வரும். மரக்கறி வண்டில் வரும். எதிர் ஃபிளாட் மனிசி உடுப்புக் காயப்போட வருவா. இரண்டு பல்கனிக்கும் நடுவில் கதை தொடங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது அந்தப் பக்கத்து வீட்டுப் படி. கடல் மூன்று நிமிட நடையில் இருந்தால் போதும், வீட்டுக்குள் வரத் தேவையில்லை.

வீடு பார்க்கும்போது இரண்டாம் மாடிக்கு மேலே போகாதீர்கள். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, தண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். ஆறு மாத வாடகை, ஒரு வருட வாடகை என்று முற்பணம் கேட்பார்கள். எழுத்தில் வாங்காமல் காசு கொடுக்க வேண்டாம். எங்களுக்கு ஒரு வீட்டுக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தர எட்டு மாதம் எடுத்தார்.

அடுத்தது ரயில் பாதை. இதை அம்மாவுக்குக் கட்டாயம் சொல்லிவையுங்கள். மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில்தான் தண்டவாளம் போகிறது. இரட்டைப் பாதை, இரண்டு பக்கமும் ரயில் வரும். அலை இரைச்சலில் ரயில் வருகிற சத்தம் கேட்காது. ஊரில் ரயிலைக் காதால் அறிந்து பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். கண்ணால் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். கைபேசியைப் பார்த்துக்கொண்டு தண்டவாளத்தில் நடக்கிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரையில் நடப்பதென்றால் மரைன் டிரைவ் நடைபாதையே போதும். அந்தக் காற்று அங்கேயும் வரும்.

உங்களுக்கு அதே ரயில் வசதி. வெள்ளவத்தையில் ஏறினால் பம்பலப்பிட்டி, அடுத்தது கொள்ளுப்பிட்டி. நெரிசல் இருக்கும், ஆனால் காலி வீதியில் 100, 101 பஸ்களுக்குள் வியர்த்துக்கொண்டு நிற்பதை விட, கதவோரம் கடலைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

அம்மாவின் நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். கோயிலுக்குக் குறைவில்லை. வெள்ளவத்தையில் மயூரபதி அம்மன், பம்பலப்பிட்டியில் வஜிரா பிள்ளையார், கதிரேசன். ஆடியில் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் வரும்போது காலி வீதி ஓரமாகக் கதிரை போட்டு இருத்திவிடுங்கள், அன்று முழுக்க அவருக்கு வேறொன்றும் தேவைப்படாது. 57ஆம் லேனில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது. நூலகம் உண்டு, கூட்டங்களும் நடக்கும். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அங்கே போய்ச் சொற்பொழிவுகளில் முன்வரிசையில் இருப்பார். சந்தையில் முருங்கைக்காய், ஒடியல் மா, நல்லெண்ணெய் எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கும். பருவத்தில் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வரும். 400 கிலோமீட்டர் தள்ளி வந்து அந்த மணத்தைச் சந்தையில் பிடித்தபோது அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடல். இதை மட்டும் தவறவிடாதீர்கள். பட்டம், இறால் வடை, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய், தண்ணீருக்குள் காலை வைத்துவிட்டுக் கூச்சல் போடும் பிள்ளைகள். துறைமுக நகரத்துக்காகக் கடலை நிரப்பிய பிறகு வடக்குப் பக்கம் பார்வை குறைந்துவிட்டது, எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. ஆனால் சூரியன் இறங்குவது அப்படியேதான். அங்கே நடைபாதை ஓரம் ஒரு கல் இருக்கிறது. ஹென்றி வார்ட் என்ற ஆளுநர் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை, கொழும்பின் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் இதைப் பின்வருபவர்கள் காக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். "அப்ப இது எங்கட இடம்தான்" என்றார். 2022 மே 18 அன்று அதே திடலில், போரின் கடைசியில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள், சிங்களப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். அதைப் பார்க்க அம்மா இருக்கவில்லை.

தெஹிவளை நானா:

அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, வாடகை விஷயத்தில் மட்டும் ஒன்று. வெள்ளவத்தைக் கால்வாயைத் தாண்டி தெஹிவளைப் பக்கம் வந்தால் அதே காசுக்கு ஒரு அறை கூடக் கிடைக்கும். எங்கள் தெருவில் தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்று வீடும் அடுத்தடுத்து. நோன்புக் காலத்தில் கஞ்சி உங்கள் வீட்டுக்கும் வரும், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்! காலையில் வள்ளம் கரைக்கு வரும் நேரம் பார்த்துப் போனால் மீனும் நல்ல மீன். ஒரு ஸ்டேஷன் தள்ளி கல்கிசை, மணலில் கால் வைத்து நடக்க அங்கேதான் வசதி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போங்கள், கடல் அமைதியாக இருக்கும். மற்ற மாதங்களில் சிவப்புக் கொடி கண்டால் முழங்கால் அளவுக்குக் கூட இறங்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லோரும் தெற்குப் பக்கத்தையே சொல்கிறீர்கள், எங்கள் பக்கமும் கடல்தான். அம்மாவை ஒரு நாள் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குக் கூட்டி வாருங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் கட்டுவித்த கோயில். மத்தியான வெயிலிலும் உள்ளே கால் குளிரும். ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போகலாம். நான் சைவம், ஆனால் என் மகன் பிறந்ததில் இருந்து போகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுக்குப் பிறகு திரும்பத் திறந்த கிழமையே போனேன். மெழுகுவர்த்தி பிடித்திருந்த கை நடுங்கியது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சிங்கள அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கரவெட்டிப் பெண்:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு இருந்து வாசித்துக் காட்டினேன். கல்லைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். ஏழாம் மாடி வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அங்க சாமிக்குப் பூ எங்க பிடுங்கிறது?"

லேன் கடைசி வீடு:

கோயில் வாசலில் விற்பார்கள். ஆனால் அவருக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். எங்கள் பல்கனியில் தொட்டியில் இரண்டு நந்தியாவட்டை, ஒரு செவ்வரத்தை இன்றைக்கும் நிற்கின்றன, அம்மா வைத்தவை. முதல் வீட்டில் கடல் பக்கம் வைத்த மல்லிகை இலை கருகிப் போனது. தெருப்பக்கத்துக்கு மாற்றிய பிறகுதான் பூத்தது. தை மாதம் வரும்போது ஊர்ச் செவ்வரத்தையில் நாலு தடி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு இரவு பஸ்ஸில் தாங்கும்.