பாண்ட் இசைக்கு உரியவர் யார்: மான்டி நார்மனா, ஜான் பேரியா?

மெட்டுத்தேடி:

ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் படமான 'டாக்டர் நோ'வின் இசைத்தட்டைச் சென்ற வாரம் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகக் கேட்டேன். 1962-ல் வந்த அந்தப் படத்தின் தட்டில் பெரும்பகுதி கரீபியன் இசைதான். படக்குழுவோடு ஜமைக்காவுக்குப் போன இசையமைப்பாளர் மான்டி நார்மன், அத்தீவின் ஓசையைப் படத்துக்குள் கொண்டுவர உழைத்திருக்கிறார் என்பது ஒவ்வொரு பாடலிலும் தெரிகிறது. கடற்கரையில் நாயகி பாடும் மாமரப் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் அவருடைய அப்போதைய மனைவி டயானா கூப்லண்ட்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாண்ட் இசை என்றால் அந்தப் படத்தில் ஒலிக்கத் தொடங்கிய கிதார் மெட்டு; ஜான் பேரி பின்னாளில் பல பாண்ட் படங்களுக்கு இசையமைத்தவர். "பாண்ட் இசையை உண்மையில் இயற்றியவர் ஜான் பேரி, நார்மன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார்" என்று திரையிசை பேசும் இடங்களிலெல்லாம் நம்மவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அது அநியாயம் என்பது என் கருத்து. இதே பொருளில் 1997-ல் 'சண்டே டைம்ஸ்' ஒரு கட்டுரை வெளியிட்டது. நார்மன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2001-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்து 30,000 பவுண்டு இழப்பீடும் கொடுத்தது.

அந்த மெட்டு பிறந்த இடமும் நமக்கு அந்நியமானதல்ல. வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்கும் முயற்சிக்காக நார்மன் எழுதி வைத்திருந்த பாட்டு அது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த ஒரு டிரினிடாட் குடும்பத்தின் கதை. தும்மலைக் கெட்ட சகுனமாகக் கருதும் வீட்டில், சகுனம் பொல்லாத தும்மலோடு பிறந்தவன் தன் கதையைச் சொல்லும் பாட்டு. நாடகம் மேடையேறாததால் மெட்டு நார்மனின் கையிலேயே தங்கியது. அதன் சுரங்களைத் துண்டு துண்டாக வெட்டித் தாளத்தை மாற்றிக் கிதாருக்குக் கொடுத்தபோது பாண்ட் இசை பிறந்தது.

ஊதுகுழல்:

நண்பர் சொன்ன செய்திகளில் பிழையில்லை. அவற்றிலிருந்து அவர் வந்து சேரும் முடிவைத்தான் மறுக்கிறேன். அது அவதூறு வழக்கு. நார்மன் இயற்றவில்லை என்று எழுதியது அவருடைய பெயரைக் கெடுத்ததா என்பதே ஜூரியின் முன் இருந்த கேள்வி. இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும் அந்த இசையில் எந்தப் பகுதி யாருடையது என்று பாகப்பிரிவினை செய்ய அவர்கள் அமரவில்லை.

பேரி நீதிமன்றத்தில் சொன்னதையும் வைத்துப் பார்க்க வேண்டும். நார்மனின் இசையில் தயாரிப்பாளர்களுக்கு நிறைவில்லாத நிலையில் பேரியை அழைத்தார்கள்; 250 பவுண்டு மொத்தத் தொகை, இயற்றியவர் பெயர் நார்மனுக்கே என்பது பேச்சு; தன் வளர்ச்சிக்கு உதவும் என்று எண்ணி ஒப்புக்கொண்டார். அப்போது அவர் படத்தைப் பார்க்கவும் இல்லை.

இனிக் காதுக்கு வருவோம். கிதார் நுழையும் முன்பே அடியில் ஒரு நகர்வு கேட்கிறது: பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். அரைச் சுரமாக ஏறி அரைச் சுரமாக இறங்கும் அந்த நான்கு அடிகளைக் கேட்டதுமே, யாரோ இருட்டில் பின்தொடர்கிறார் என்று மனம் சொல்லிவிடுகிறது. முடிவில் சிறிய காந்தாரத்தின் மேல் காகலி நிஷாதத்தை ஏற்றி, தீர்வில்லாமல் தொங்கவிடும் அந்த ஸ்வரக்கூட்டைக் கேளுங்கள். வயலின் கூட்டம் அறவே இல்லாமல் சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன், ஒரு கிதார், தாளக் கருவிகள் என்ற சேர்க்கையையும் பாருங்கள். 1960-ல் வந்த 'பீட் கேர்ள்' படத்துக்குப் பேரி செய்த இசையில் இதே கிதார் உறுமல் முன்னமே இருக்கிறது. மாமரப் பாட்டில் இதன் சாயல் எங்கே?

மெட்டுத்தேடி:

ஒருவர் கலிப்சோ என்ற கரீபியன் பாட்டு எழுதினார் என்பதால் வேறு விதமாக எழுத அவருக்கு வராது என்று சொல்வது சரியான வாதமாகாது. படத்துக்கு எது தேவையோ அதை அவர் எழுதினார். ஜமைக்கா காட்சிக்கு ஜமைக்கா இசை.

மெட்டு என்றால் என்ன என்பதில் நாம் முதலில் உடன்பட வேண்டும். நாளைக்கு ஒரு குழந்தையிடம் பாண்ட் இசையைப் பாடிக் காட்டச் சொன்னால் அது கிதார் வரியைத்தான் பாடும்: ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குத் தாவி, திரும்பி, பிறகு காந்தாரத்தைத் தொட்டு இறங்கும் வரியை. அது பிஸ்வாஸ் பாட்டிலிருந்து வந்தது. அடியில் ஓடும் நான்கு சுரங்கள் எவ்வளவு அழகாயினும் அவை அந்த வரியைத் தாங்கும் பந்தல். பந்தல் போட்டவரை மணமகன் என்று யாரும் அழைப்பதில்லை. கண் திறந்து ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை, படம் உலகப்புகழ் பெற்ற பிறகு அநீதி என்று சொல்வதும் நார்மனுக்கு நியாயமாகாது.

ஆறுகம்பி:

இருவரும் தாளில் எழுதியதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் இருபது ஆண்டுகளாகக் கிதார் வாசிக்கிறவன். ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்ததைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த வரியை வாசித்தவர் விக் ஃபிளிக். அவர் கையில் இருந்தது கிளிஃபர்ட் எசெக்ஸ் பாரகன் என்ற, உள்ளே கூடான பழைய ஜாஸ் கிதார். அதன் மேல் தனியாக ஒரு டிஆர்மாண்ட் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் கருவியை, பொருத்தியிருந்தார். பிக்கப் கம்பிகளுக்கு இன்னும் நெருக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காகக் கசக்கிய சிகரெட் பெட்டி ஒன்றை அடியில் செருகியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஃபெண்டர் வைப்ரோலக்ஸ் என்ற ஒலிபெருக்கி, கம்பியை மீட்டும் கனத்த பிக், தடித்த கீழ்க்கம்பிகள், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகில் விழும் அழுத்தமான அடி.

நான் இதே சுரங்களை மெல்லிய கம்பிகள் கட்டிய என் மின்கிதாரில் எத்தனையோ முறை வாசித்துப் பார்த்திருக்கிறேன். சுரம் சரியாக இருக்கும், தாளம் சரியாக இருக்கும், ஆனால் பாண்ட் வரமாட்டார். தடித்த கம்பி மாற்றிக் கட்டி, வலக்கையைப் பின்னுக்குத் தள்ளி, விரல் நோகும் அளவுக்கு அடித்த பிறகுதான் அந்த உறுமலின் நிழலாவது எட்டியது. நார்மனின் பெயரில் பல லட்சம் பவுண்டு ராயல்டி சேர்ந்தது; பேரிக்கு ஒரு பெரும் திரையிசை வாழ்க்கையே திறந்தது. 2024-ல் மறைந்த ஃபிளிக்குக்கு அன்றைய கூலி மட்டுமே கிடைத்தது. இந்த விவாதத்தில் அவர் பெயர் மூன்றாவது பதிவு வரை வரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

ஊதுகுழல்:

ஆறுகம்பி அவர்களுக்கு நன்றி. அந்தக் குறை என்னுடையதும்தான்.

கிதார் வரியின் விதை நார்மனுடையது என்பதை ஏற்கிறேன். ஆனால் பந்தல் உவமையை ஏற்க மாட்டேன். நடுவில் ஸ்விங் என்ற ஜாஸ் துள்ளல் தாளத்தில் டிரம்பெட்டுகள் வெடிக்கும் பகுதி பந்தலா? அது தனி மெட்டு. அடுத்து நடந்ததையும் பாருங்கள்: 1963 தொடங்கி 1987 வரை பதினொரு பாண்ட் படங்களுக்குப் பேரி இசையமைத்தார். 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் அந்த டிரம்பெட், டிராம்போன் முழக்கத்தைப் பாட்டுக்குள்ளேயே குடியேற்றினார். 1969-ல் மூக் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தைக் கொண்டுவந்தார். 1965-ல் 'தி இப்க்ரெஸ் ஃபைல்' என்ற மற்றோர் உளவுப் படம் வந்தபோது, அதே முழக்கத்தை மறுபடி விற்காமல் சிம்பலம் என்ற ஹங்கேரியத் தந்தி வாத்தியத்தை எடுத்து, கண்ணாடி அணிந்த, மளிகை வாங்கிச் சமைக்கும் ஒற்றனுக்கு ஏற்ற தனிமையை உண்டாக்கினார். உளவாளியின் மனநிலைக்கு ஓசை தேடத் தெரிந்தவர் யார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மெட்டுத்தேடி:

பிந்திய படங்கள் பேரியின் மேதைமைக்குச் சான்று; 1962-ல் யார் எதை எழுதினார் என்பதற்குச் சான்றாகா. இதில் என் நிலை மாறவில்லை.

ஆனால் அந்த ஸ்விங் பகுதியை நேற்றிரவு திரும்பத் திரும்பக் கேட்டேன். பிஸ்வாஸ் பாட்டில் அதற்கு மூலம் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை. 'டாக்டர் நோ'வின் பெயர்ப் பட்டியலில், இசை நார்மன் என்றும், பாண்ட் இசையை 'வாசித்தவர்கள்' ஜான் பேரியும் அவருடைய இசைக்குழுவும் என்றும் வருகிறது. 'வாசித்தவர்' என்ற சொல் அவர் செய்த வேலைக்குப் போதவே போதாது. அரேஞ்ச்மென்ட் (இசைக்கோப்பு) ஜான் பேரி, கிதார் விக் ஃபிளிக் என்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஊதுகுழல்:

அந்தத் திருத்தத்தோடு நானும் கையெழுத்திடுகிறேன். 'இயற்றியவர்' என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர் நிற்பதற்கு மட்டும் கையெழுத்திட மாட்டேன்.