கேலிப்ரேஷன் ‘பாஸ்’ ஆன பிறகும் தோல் சுட்டது ஏன்? அழகியல் லேசர் கருவிகளோடு சில அனுபவங்கள்

சர்வீஸ் பொறியாளர், சென்னை

தோல் மருத்துவமனைகளில் முடி நீக்கத்துக்கும், பச்சை குத்தியதை அழிப்பதற்கும், தழும்புச் சிகிச்சைக்கும் பயன்படும் லேசர் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். வைத்த அளவு ஆற்றல்தான் வெளிவருகிறதா என்று கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் கேலிப்ரேஷன் ‘ஃபெயில்’ ஆகி வேலை நின்றுபோனதைப் பற்றி இந்த மன்றத்தில் பலர் எழுதியிருக்கிறீர்கள். அது தொல்லைதான் என்றாலும், ஃபெயில் ஆன கருவி சுடுவதற்கே அனுமதிக்காது. ஆகவே நோயாளிக்கு அதனால் தீங்கில்லை. நான் அஞ்சுவது, பாஸ் ஆகிவிட்டதாகத் திரை சொல்லும் தவறான கேலிப்ரேஷனைத்தான்.

கடற்கரையை ஒட்டிய ஒரு கிளினிக்கில், முடி நீக்கப் பயன்படும் 755 நானோமீட்டர் அலைநீள அலெக்ஸாண்ட்ரைட் லேசரில், வழக்கமாக வைக்கும் அளவிலேயே வலி கூடுதலாக இருப்பதாகச் சிலர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒருவருக்குக் கெண்டைக்காலில், லேசர் ஒளி விழும் வட்டமான ஸ்பாட்டுகளின் விளிம்பு தெரியும்படி கொப்புளம் எழும்பியிருந்தது. குளிரூட்டும் வாயு சரியாகத் தெளிக்கவில்லை என்று எண்ணி அவர்கள் கேனிஸ்டரை மாற்றிப் பார்த்திருந்தார்கள். கேலிப்ரேஷன் தினமும் காலையில் பாஸ் ஆகிக்கொண்டுதான் இருந்தது. சர்வீஸ் திரையில் லேசர் ஒளியைக் கையில் பிடிக்கும் ஹேண்ட்பீஸுக்குக் கொண்டுசெல்லும் ஃபைபரின் கடத்துதிறன் மட்டும் வாரத்துக்கு வாரம் சரிந்துவந்ததால், ஃபைபர் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்ற முடிவுக்கும் வந்திருந்தார்கள்.

15 மில்லிமீட்டர் ஸ்பாட்டின் பரப்பு ஏறத்தாழ 1.77 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 20 ஜூல் என்று வைத்தால், ஒரு பல்ஸுக்கு, அதாவது ஒருமுறை சுடும் ஒளித்துடிப்புக்கு, 35 ஜூல் வர வேண்டும். வெளி எனர்ஜி மீட்டரில் சுட்டுப் பார்த்தபோது 44 ஜூலுக்கு மேல் வந்தது. மருத்துவ லேசர்களுக்கான ஐஇசி 60601-2-22 தரநிலை, வைத்த அளவிலிருந்து 20 விழுக்காடு வரைதான் விலகலை அனுமதிக்கிறது. 35 ஜூலுக்கு அந்த எல்லை 42. ஃபைபர் உண்மையிலேயே தேய்ந்து, அந்த இழப்பைக் கருவி சரிக்கட்டியிருந்தால், மீட்டரில் 35ஐ ஒட்டிய எண்தான் வந்திருக்கும்.

கேலிப்ரேஷனின்போது ஹேண்ட்பீஸை வைத்துச் சுடும் போர்ட்டின் காப்புக் கண்ணாடியைக் கழற்றி விளக்குக்கு எதிரே பிடித்தேன். நேராகப் பார்த்தால் தெளிவாக இருந்த கண்ணாடி, சாய்த்ததும் பால் பூத்தாற்போல் மங்கியது. நடுவில், கருகிய முடித்தூளும் ஜெல்லும் சேர்ந்து படிந்த பழுப்பு வளையம் ஒன்று தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஒளியை அளக்கும் டிடெக்டருக்கு ஒளி குறைவாகப் போய்ச் சேர, ஃபைபரில்தான் இழப்பு என்று கணக்குப் போட்ட கருவி, லேசருக்கு ஆற்றல் ஊட்டும் ஃப்ளாஷ் லாம்ப்பின் வோல்டேஜைக் கூட்டி, டிடெக்டரில் சரியான எண் வரும்வரை ஆற்றலை ஏற்றியிருக்கிறது. கண்ணாடியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, மறுபடி கேலிப்ரேஷன் செய்ததும் மீட்டர் 35ஐ ஒட்டி நின்றது. ‘தேய்ந்த’ ஃபைபரும் பழைய கடத்துதிறனுக்குத் திரும்பியது.

இதில் கவனிக்க வேண்டியது, அழுக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான். ஹேண்ட்பீஸ் லென்ஸில் படிந்த அழுக்கு, போர்ட்டுக்குப் போகும் ஒளியையும் தோலுக்குப் போகும் ஒளியையும் ஒன்றுபோலக் குறைக்கிறது. கேலிப்ரேஷன் அதைச் சரிக்கட்டிவிடுகிறது. அப்போதும் அழுக்குச் சூடேறி லென்ஸ் விரிசல் விடும் ஆபத்து உண்டு என்பதால் அதைத் துடைக்காமல் விடலாகாது. போர்ட் கண்ணாடியில் படியும் அழுக்கோ டிடெக்டரின் பார்வையை மட்டுமே மறைக்கிறது. அந்தக் குறை முழுவதும் கூடுதல் ஆற்றலாக மாறித் தோலில் இறங்குகிறது. ஆனாலும், லென்ஸைத் தினமும் துடைக்கும் பல கிளினிக்குகளில் போர்ட் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே ஊழியர்களுக்குச் சொல்லித் தரப்படவில்லை என்பதைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நம் ஊர் ஈரப்பதமும் இதே வழியில் வேலை செய்யும். ஏசியில் குளிர்ந்திருக்கும் கண்ணாடியின் மேல் வெளிக்காற்றுப் பட்டால் மெல்லிய பனி படர்கிறது. அந்த நேரத்தில் கேலிப்ரேஷன் செய்துவிட்டால், பனி ஆவியான பிறகும் கருவி அந்த மிகையான வோல்டேஜையே பிடித்துக்கொண்டிருக்கும். அறையின் வெப்பநிலை நிலைப்பட்ட பிறகே கேலிப்ரேஷன் செய்யச் சொல்கிறேன்.

ஸ்பாட் சைஸை உணரும் சென்சார் பழுதானால் கணக்கு இன்னும் மோசமாகும். உள்ளே 12 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்க, கருவி அதை 15 என்று எடுத்துக்கொண்டால், ஜூல் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் பரப்பு சுருங்குவதால் சதுர சென்டிமீட்டருக்கு 20 என்பது 31ஐத் தாண்டிவிடும். எனர்ஜி மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. தெர்மல் பேப்பரில் ஒரு பல்ஸ் சுட்டு, வட்டத்தின் விட்டத்தை ஸ்கேலால் அளந்தால்தான் தெரியும்.

தோல் மருத்துவர், மதுரை

பொறியாளர் சொல்லும் 25 விழுக்காடு மிகை, என்னிடம் வரும் பெரும்பாலானோருக்குச் சிறிய விஷயமன்று. மெலனின் ஒளியை ஈர்ப்பதை வைத்தே முடி லேசர் வேலை செய்கிறது. அதே மெலனின் நம் மக்களின் மேல்தோலிலும் நிறைய இருக்கிறது. தோலின் நிறத்தை வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் 4, 5ஆம் வகைத் தோலில், முடி வேர் கருகும் அளவுக்கும் தோல் சுடும் அளவுக்கும் உள்ள இடைவெளி குறுகியது. கொப்புளம் ஆறினாலும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கிறது. 1064 நானோமீட்டர் அலைநீள லேசருக்கு மாறினால் இடைவெளி விரிகிறது, ஆனாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடுவதில்லை.

எங்களுக்கு நேர்ந்தது மீட்டரைப் பற்றியது. கார்பன் டை ஆக்சைடு லேசரை அளக்க வைத்திருந்த மீட்டரின் தெர்மோபைல் தலையை (வெப்பத்தை வைத்து ஒளியை அளக்கும் முனை), பச்சை குத்தியதை அழிக்க மிகக் குறுகிய பல்ஸுகளாகச் சுடும் க்யூ-ஸ்விட்ச் லேசருக்கும் வைத்துவிட்டார்கள். முதல் பல்ஸிலேயே ‘டப்’ என்ற ஓசையோடு கறுப்புப் பூச்சில் கடுகளவுக்கு வெள்ளைப் புள்ளி விழுந்தது. மீட்டர் இன்னமும் எண் காட்டுகிறது. அதை நம்பலாமா?

சர்வீஸ் பொறியாளர், சென்னை

நம்ப வேண்டாம், டாக்டர். அரை ஜூலானாலும் அது 10 நானோவினாடிக்குள் வந்து விழும்போது உச்சத்திறன் 50 மெகாவாட். தொடர் ஒளிக்கான பூச்சு அதைத் தாங்காது. புள்ளி விழுந்த இடம் ஒளியை ஈர்க்காமல் திருப்பிவிடுவதால், அந்தத் தலை இனிமேல் குறைவாகத்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து யாராவது கருவியின் ஆற்றலைக் கூட்டினால், மங்கிய போர்ட் கண்ணாடி செய்த அதே தீங்கு உங்கள் கிளினிக்கிலும் நேரும். தலையைப் புதுப் பூச்சுக்கும் மறு கேலிப்ரேஷனுக்கும் அனுப்புங்கள். அது திரும்பி வரும்வரை கார்பன் டை ஆக்சைடு கருவியையும் அதைக் கொண்டு அளக்க வேண்டாம். க்யூ-ஸ்விட்சுக்கு, நானோவினாடிப் பல்ஸைத் தாங்கும், ஒளியைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் பொருத்திய பைரோ எலக்ட்ரிக் (பல்ஸின் ஆற்றலை அளக்கும்) தலையைத் தனியாக வாங்கி, எந்தத் தலை எந்தக் கருவிக்கு என்று தலையின் மேலேயே லேபிள் ஒட்டிவிடுங்கள்.