புதுப்பிப்பு: ஆணி அடித்தால் பலகை பிளக்கிறது (சிட்டுக்குருவிக் கூடு)

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி, கூடு முடிந்துவிட்டது. ஓரத்தில் ஆணி இறங்கியதுமே பலகை பிளக்கிறது என்று கேட்டிருந்தேன். ஆணி முனையைச் சுத்தியலால் தட்டி மழுக்கியது ஓரளவுக்கு உதவியது. முழுதாகக் கைகொடுத்தது இன்னொருவர் சொன்ன வழிதான்: ஸ்க்ரூவைவிடச் சற்று மெல்லிய ட்ரில் பிட்டால் முதலில் துளையிட்டு, அப்புறம் ஸ்க்ரூவை முடுக்குவது. ஒரு பலகைகூடப் பிளக்கவில்லை.

வாசல் 32 மி.மீ. வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைக்கவில்லை. குருவிக்கு அது தேவையில்லை, குஞ்சைத் தூக்க வருபவைக்குத்தான் வசதி. தண்ணீர் வடிய அடிப்பலகையில் சிறு துளைகள்.

நான் எதிர்பாராதது, இழைத்த பலகையின் வழவழப்பு. குஞ்சுகள் பற்றி ஏறப் பிடிமானமே இல்லை. வாசலுக்கு உட்புறம், கீழே, ரம்பத்தால் குறுக்குக் கீறல்கள் போட்டதும் சரியாகிவிட்டது. பெட்டியைப் பூட்டுமுன் இதைச் செய்துவிடுங்கள். பிறகு உள்ளே கை நுழையாது.