புதுப்பிப்பு: நின்டெண்டோ ஸ்விட்சை டாக்கில் வைத்தும் டிவியில் படம் வராத சிக்கல் தீர்ந்தது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. அடாப்டர் இல்லாமல் பழைய பொருளாக வாங்கிய என் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி, கையில் வைத்து ஆடும்போது குறையின்றி இயங்கியும், டாக்கில் (டிவியுடன் இணைக்கும் தாங்கியில்) வைத்தால் டிவியில் படம் வருவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன்.

எச்டிஎம்ஐ கேபிளை மாற்றியும், டிவியில் வேறு போர்ட்டில் செருகியும் பலன் இல்லை. டாக்கின் முன்பக்கத்துப் பச்சை விளக்கு எரியவே இல்லை. சார்ஜரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொன்னவரின் யோசனைதான் கைகொடுத்தது. நான் டாக்கில் செருகியிருந்த கைபேசி சார்ஜரின் பொடி எழுத்தில் 5, 9, 12 வோல்ட் என்ற மூன்று அளவுகளே இருந்தன. ஸ்விட்சின் சொந்த அடாப்டரோ 15 வோல்ட், 2.6 ஆம்பியர், அதாவது 39 வாட் தருவது. டிவிக்குப் படம் அனுப்ப டாக் எதிர்பார்ப்பது அந்த 15 வோல்ட்டைத்தான். கையில் இருக்கும்போது 5 வோல்ட்டிலும் மெதுவாகச் சார்ஜ் ஏறிவிடுவதால், சார்ஜரின் மேல் யாருக்கும் சந்தேகம் எழாது.

சொந்த அடாப்டரை வாங்கி மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்து, படம் வந்தது. எதிர்பாராத ஒன்று: 15 வோல்ட், 3 ஆம்பியர் என்று அச்சிட்ட என் மடிக்கணினி சார்ஜரும் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்; 15 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

என்னுடையது ‘ஸ்விட்ச் லைட்’ என்ற மாடலா என்று ஒருவர் கேட்டிருந்தார். என்னுடையது 2017 மாடல்; 2019இல் வந்த லைட்டுக்கு டிவி இணைப்பு வசதியே கிடையாது என்பதால் எந்த அடாப்டரும் அதற்கு உதவாது.