ஒரு ரூபாய்க்கு முஸ்தஃபா: வீடியோ கேம் கடை அனுபவங்கள்

பொரிகடலை எழுதியது:

திருச்சி உறையூரில் எங்கள் தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. அதை ஒட்டி, பாதி ஷட்டரை இறக்கி, பச்சைத் திரை போட்ட இன்னொரு கடை. 1996, 97 வாக்கில் எங்கள் பகுதிப் பையன்களின் சாயங்காலம் முழுக்க அந்தத் திரைக்குப் பின்னால்தான் கழிந்தது. உள்ளே மூன்று பெட்டிகள். ஒன்றில் ஸ்ட்ரீட் ஃபைட்டர், ஒன்றில் ஸ்னோ பிரதர்ஸ், மூன்றாவதில் முஸ்தஃபா.

கேமின் நிஜப் பெயர் கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது. ஜாக், ஹன்னா, மெஸ் என்று இன்னும் மூன்று பேர் அதில் உண்டு. யார் சீண்டினார்கள்? மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தஃபா ஓடிவந்து ஓர் உதை விட்டால் எதிரே நிற்கிற கூட்டமே சுருண்டு விழும். அதனால் கேமுக்கே அவன் பெயர். எங்கள் ஊர்ப் பையன்கள் வைத்த பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். காலேஜ் ஹாஸ்டலில் பீகார்க்காரன் ஒருவனும் "முஸ்தஃபா" என்றே சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது.

ஜாய்ஸ்டிக்கின் மேல் இருக்கும் சிவப்பு உருண்டை எந்தக் காலத்திலோ கழன்று போயிருந்தது. வெறும் இரும்புக் கம்பி. கடைக்கார அண்ணன் பக்கத்துக் கடையில் பழைய டியூப் ஒன்றை வாங்கி, கீற்றாக வெட்டி அதில் சுற்றி வைத்திருப்பார். ஆடிவிட்டு வீட்டுக்குப் போனால் கையில் ரப்பர் வாடை. அம்மாவுக்கு வேறு சாட்சியே வேண்டாம்.

காசு போடும் துளையெல்லாம் எங்கள் கடையில் கிடையாது. ரூபாயை அண்ணன் கையில் கொடுத்தால் தினத்தந்தியிலிருந்து தலையைத் தூக்காமலே பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பட்டனைத் தட்டுவார், ஓர் ஆட்டத்துக்கான கிரெடிட் ஏறும். காசில்லாதவர்கள் பின்னால் நிற்போம். "டேய், பாஸ் வரும்போது மட்டும் ஒருதடவை குடுடா" என்ற கெஞ்சல் ஓயாது. பாஸ் என்றால் ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய வில்லன். பிளஸ் டூ படித்த அண்ணன் ஒருவர் ஒரே ரூபாயில் ஏழாவது ஸ்டேஜ் வரை போவார். எட்டு ஸ்டேஜ்தான் மொத்தமே. பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். கடைக்காரருக்கு மட்டும் முகம் கறுக்கும். அரை மணி நேரம் ஒரு பெட்டியை ஒற்றை ரூபாய் பிடித்துக்கொண்டால் அவர் பாடு என்ன ஆவது? சட்டென்று டிவி அணையும். "கரண்ட் போயிருச்சு தம்பி" என்பார். தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கும்!

ரெண்டாம்பிளேயர் எழுதியது:

ஃபேன் சுற்றிய கதைக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடைகளுக்குள் எங்களை மாதிரிப் பெண் பிள்ளைகளை யாரும் விட்டதே இல்லை. மதுரையில் அண்ணன் போவான், நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். திரை விலகும்போது தெரிகிற வெளிச்சம்தான் எனக்கு.

ஆடக் கிடைத்தது தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சியில். அப்பளம், ராட்டினம் எல்லாம் தாண்டி ஓர் ஓரத்தில் நாலு பெட்டி வைத்திருந்தார்கள். அப்பா கூட இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் தேர்ந்தெடுக்கக்கூடிய எட்டுப் பேரில் ஒரே பெண் சுன் லி. மாமா பையன் ரியூவை எடுத்தான். எனக்கு மூவ் எதுவும் தெரியாது. உதை பட்டனை விடாமல் தட்டத் தட்ட அவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மழை மாதிரி உதைத்தாள். இரண்டு ரவுண்டும் என்னுடையது. "சும்மா பட்டனைத் தட்டினா, இதெல்லாம் ஆட்டமா?" என்று அன்றிரவு முழுக்கப் புலம்பினான். இன்றும் குடும்ப விசேஷத்தில் பார்த்தால் அதையேதான் சொல்கிறான்.

ஈயப்பற்று எழுதியது:

நான் பெட்டிக்குப் பின்பக்கத்து ஆள். சென்னையில் சில வருடம் இந்த மெஷின்களைச் சர்வீஸ் செய்தேன், சாமான் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்குவோம். உள்ளே பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு டிவி டியூப், ஒரு பவர் சப்ளை, கேம் இருக்கிற ஒரு சர்க்யூட் போர்டு. ஜாமா என்று 56 பின் கொண்ட பொதுவான கனெக்டர் இருக்கும். பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் அதே பெட்டி வேறு கேம். நேற்று ஸ்னோ பிரதர்ஸ் இருந்த இடத்தில் இன்று வேறு ஏதோ ஓடுவது அப்படித்தான்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி போர்டுகளில் குட்டிக் குட்டி டிப் ஸ்விட்ச் வரிசை இருக்கும். கேம் எவ்வளவு கடினம் என்பதை முடிவு செய்வது அதுதான். கடைக்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்பார்கள்: "பசங்க ரொம்ப நேரம் நிக்கிறானுங்க தம்பி, கொஞ்சம் டைட் பண்ணிட்டுப் போங்க." இரண்டு ஸ்விட்சை மாற்றுவேன். மறுநாள் தெரு முழுக்க, "என்னடா, கம்ப்யூட்டர் இன்னிக்கு வெறியா அடிக்குது" என்று பேச்சு.

அப்புறம், ரியூ அந்தரத்தில் நின்று நெருப்பு விட்டான், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சண்டை நடுவிலேயே ஆள் மாறினான் என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நிஜம்தான். அது ரெயின்போ எடிஷன் என்ற திருட்டு போர்டு. கேப்காம் செய்ததே அல்ல. எவனோ புரோகிராமில் கை வைத்து விற்றது.

காசுத்துளை உள்ள பெட்டிகளில் இன்னொரு கூத்து. சில பையன்கள் கேஸ் லைட்டரின் பொறியை அங்கே காட்டுவார்கள். அந்த அதிர்ச்சியில் போர்டு குழம்பி, காசு விழுந்ததாக நினைத்துக் கிரெடிட் கொடுக்கும். சில நேரம் போர்டே போய்விடும். வயிற்றெரிச்சல் என்னவோ எனக்கு இல்லை, சர்வீஸ் சார்ஜ் வந்ததே.

பொரிகடலை எழுதியது:

ஆக, எங்கள் கம்ப்யூட்டருக்கு வெறி பிடிக்கவைத்தது உங்களை மாதிரி ஓர் ஆள்தானா!

போன மாதம் லேப்டாப்பில் மேம் போட்டேன். 1997-இல் ஒரு இத்தாலிக்காரர் தொடங்கிய எமுலேட்டர், பழைய போர்டுகளை அப்படியே ஓட்டும். முஸ்தஃபா வந்தான். 5-ஐ அழுத்தினால் காசு. எத்தனை தடவை அழுத்தினாலும் காசு. செத்துச் செத்துப் பிழைத்து, சிறுவயதில் பார்த்தே இராத எட்டாவது ஸ்டேஜையும் ஒரே உட்காரலில் முடித்துவிட்டேன். சப்பென்று இருந்தது. கையில் அந்த ஒரு ரூபாய்தான் என்ற பயம் இல்லாவிட்டால் அது வெறும் அடிதடிப் படம். இப்போது மகனும் நானும் ஒரு விதி வைத்திருக்கிறோம்: ஆளுக்கு ஒரு காசு, செத்தால் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். பின்னால் நிற்பவர் கத்தலாம், தொடக் கூடாது. அவன் மூன்றாவது ஸ்டேஜில், காரில் ஏறி ஆட்களை இடித்துத் தள்ளும் இடம் வரை வந்திருக்கிறான்.

ஈயப்பற்று எழுதியது:

நல்ல விதி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போடும்போது டேப் விசையை அழுத்துங்கள், வருகிற மெனுவில் டிப் ஸ்விட்ச் பட்டியல் இருக்கும். கடினம் 0 முதல் 7 வரை. டைட் பண்ணச் சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்த கடைகளில் பெரும்பாலும் 6. மகனுக்கு 2 வையுங்கள், நீங்கள் 6-இல் ஆடுங்கள்.

ரெண்டாம்பிளேயர் எழுதியது:

மாமா பையனுக்கு 7 வைக்கலாமா?