கிளைண்ட்போர்ன் போய்வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். இந்தக் கோடையில் நானும் அம்மாவும் முதன்முறையாக இங்கிலாந்தின் சசெக்ஸில் இருக்கும் கிளைண்ட்போர்ன் ஓபரா அரங்குக்கு, ஹாண்டெல் என்ற பழைய இசையமைப்பாளரின் ஓபரா (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ஒன்று பார்க்கப் போகிறோம். வாசிப்பது ஆர்கெஸ்ட்ரா ஆஃப் தி ஏஜ் ஆஃப் என்லைட்டன்மென்ட், அந்தந்தக் காலத்து வாத்திய முறையிலேயே வாசிப்பவர்கள். 1986இல் கலைஞர்களே சேர்ந்து தொடங்கிய குழு. வயலினுக்கு விலங்குக் குடலில் செய்த நரம்பு. பரோக் இசைக்கு, அதாவது ஹாண்டெல் காலத்து ஐரோப்பிய இசைக்கு, சுருதி இன்றைய வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 415, அதாவது ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. ஒலிப்பதிவில் கேட்டதோடு சரி.

எனக்கு முக்கியமான கேள்வி இதுதான்: நீளமான கழுத்தோடு ஏறக்குறைய ஆளுயரம் இருக்கும் தியார்போ என்ற நரம்பு வாத்தியத்தை வாசிக்கும் விரல்களைப் பார்க்க வேண்டும். வாத்தியக்காரர்களோ மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்காருவார்கள். மேல்மாடியிலிருந்து தெரியுமா? எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது?

அப்புறம், இடைவேளை ஒன்றரை மணி நேரமாம். எல்லோரும் புல்வெளியில் விரிப்பு போட்டுச் சாப்பிடுவார்களாம். அம்மா இப்போதே புளிசாதம் என்று முடிவு செய்துவிட்டார். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது? ஆண்கள் கறுப்பு சூட், போ டை என்று வருவார்களாமே, எனக்குச் சாதாரண கோட்டு போதுமா? (அம்மாவுக்குப் பட்டுப்புடவை. அந்தக் கவலை இல்லை.)

ஆட்டம் முடிந்து பக்கத்து ஊரான லூயிஸ் ஸ்டேஷன் போய் லண்டன் விக்டோரியா ரயிலைப் பிடிக்க நேரம் இருக்குமா? அம்மாவால் வேகமாக நடக்க முடியாது.